டைட்டானிக்கில் மாண்டவர்களின் குடும்பத்தைத் தேடுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

போன மாதம் ஒரு இளைஞர் தான் தயாரித்த வம்சாவளியைக் காட்டினார். ஐந்து தலைமுறை, அழகான வேலை. ஆனால் அத்தனைக்கும் ஆதாரம், பயணிகள் பட்டியலில் ஒத்துப்போன ஒரு பெயர் மட்டும்தான். கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகருக்குக் குடிவந்த புதிதில் நானும் இதையே செய்தேன். எழுத்துப் பிழை, வயதுக் குழப்பம் எல்லோரும் சொல்வதுதான், விட்டுவிடுகிறேன்.

பெயர் ஒத்தால் ஆள் கிடைத்துவிட்டார் என்று நினைப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு குடும்பத்துக்காக, கொதிகலனுக்குக் கரி அள்ளிப்போட்ட ஒருவரைத் தேடினேன். பணியாளர் பதிவேட்டில் அதே பெயர், அதே வயது, கப்பல் புறப்பட்ட சவுத்தாம்ப்டன் நகர முகவரி. பிறந்த ஊர் மட்டும் வேறாக இருந்தது. எழுதியவர் பிழையாக எழுதியிருப்பார் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இங்கிலாந்திலிருந்து ஒவ்வொரு சான்றிதழாகப் பணம் கட்டி வரவழைத்தேன். எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது: முகவரி அவர் தங்கியிருந்த விடுதி, பிறந்த ஊர் சரியாகத்தான் எழுதப்பட்டிருந்தது. நான் தேடியவர் வேறு ஆள்.

பட்டியலில் உள்ள பெயரே பொய்யாகவும் இருக்கலாம். இரண்டாம் வகுப்பில் 'ஹாஃப்மன்' என்று பயணம் செய்தவர் உண்மையில் மிஷேல் நவ்ராத்தில், பிரான்சின் நீஸ் நகரத் தையற்காரர். பிரிந்து வாழ்ந்த மனைவிக்குத் தெரியாமல் இரண்டு மகன்களையும் அழைத்து வந்திருந்தார். அவர் இறந்தார். பெயரை வைத்து யூதர் என்று கருதி, கத்தோலிக்கரான அவரை ஹாலிஃபாக்ஸில் யூதர் இடுகாட்டில் புதைத்தார்கள். பிள்ளைகள் படகில் தப்பினார்கள். பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்துத்தான் தாய் அடையாளம் கண்டார். 'ஹாஃப்மன்' வம்சத்தைத் தேடிப் போயிருந்தால் எங்கே போய் நின்றிருப்போம்?

இன்றைய லெபனான் பகுதியிலிருந்து வந்தவர்கள் விஷயம் இன்னும் சிக்கல். நாம் இனிஷியல் போடுவதுபோல அவர்கள் சொன்ன அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எழுதியதும் உண்டு.

டிக்கெட் எண்ணைப் பார்க்காமல் விடுவது

மூன்றாம் வகுப்பில் வந்த குட்வின் குடும்பத்தார் எட்டுப் பேரும் ஒரே டிக்கெட்டில் வந்தார்கள். எட்டுப் பேரும் இறந்தார்கள். யாரோடு யார் வந்தார் என்று அந்த எண் சொல்லும்.

முதல் வாரப் பத்திரிகைகள்

நம்பாதீர்கள். எல்லோரும் பிழைத்தார்கள் என்றே சில அச்சிட்டன.

ஒரு மரபணுச் சோதனையோடு நிறுத்திக்கொள்வது

டைட்டானிக் மூழ்கியபின் உடல்களைத் தேடப் போன மெக்கே-பென்னெட் கப்பல் மீட்ட 306 உடல்களில் நான்காவது ஒரு குழந்தை. பெயர் தெரியாமலே ஃபேர்வியூ லான் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். கல்லறைக்கு அந்தக் கப்பல் மாலுமிகளே பணம் கொடுத்தார்கள். பல காலம் அது சுவீடன் நாட்டுக் குழந்தை என்று நம்பினார்கள். 2002இல் மரபணுச் சோதனை, ஃபின்லாந்தின் 13 மாதக் குழந்தை என்றது. ஆனால் அன்று இறந்தவர்களின் உடைகளை எரித்தபோது, ஒரு போலீஸ்காரர் எரிக்க மனம் வராமல் எடுத்துவைத்த சிறிய காலணிகள் அந்த வயதுக்குப் பெரியவை. மறுபடி சோதித்தார்கள். 2007இல் தெரிந்தது: அவன் 19 மாத சிட்னி குட்வின், மேலே சொன்ன எட்டுப் பேரில் கடைக்குட்டி.

அவசரப்பட்டு வீட்டாரிடம் சொல்வது

கடைசிச் சான்றிதழ் கைக்கு வரும்வரை சொல்லாதீர்கள். நான் சொன்னதை நம்பி, கரி அள்ளியவரைத் தேடிய அந்தக் குடும்பத்துப் பாட்டி சட்டம் போட்டு மாட்டியிருந்த படத்தை, பிறகு என் கண்ணெதிரே கழற்றினார்.