ராயபுரத்திலிருந்து ஒரு புறக்கோளை அளப்பது எப்படி: தொடக்கநிலைச் செய்முறை

ராயபுரத்தில் எங்கள் மொட்டை மாடியில் இரவு ஒன்பது மணிக்கு நின்றாலும் துறைமுக விளக்குகளின் வெளிச்சத்தில் நாளிதழின் தலைப்பைப் படித்துவிடலாம். இந்த வானத்தில் மங்கலான விண்மீன்களைத் தேடிப் பயனில்லை. ஆனால் விண்மீன்களின் ஒளி அளவைக் கண்காணிக்க 2018-இல் ஏவப்பட்ட நாசாவின் டெஸ் விண்கலம் எடுக்கும் தரவு எல்லோருக்கும் இலவசம். அதை வைத்து, ஏற்கெனவே அறியப்பட்ட எல்ஹெச்எஸ் 3844 பி என்ற சிறிய புறக்கோளை, அதாவது வேறொரு விண்மீனைச் சுற்றும் கோளை, என் அக்கா மகளும் நானும் மீண்டும் கண்டறிந்தோம். கோள் தன் விண்மீனின் முன்னால் கடந்துபோகும்போது ஒளி சற்றுக் குறையும். அந்தக் கடப்பைத்தான் தேடினோம். அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கோள் சுற்றும் எல்ஹெச்எஸ் 3844 சிறிய, குளிர்ந்த விண்மீன். ஏன் அப்படிப்பட்ட விண்மீன்? காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தின் உயர்கோபுர விளக்கின் முன் ஓர் ஈசல் பறந்தால் யாருக்கும் தெரியாது. அதே ஈசல் சாமி படத்துக்கு மேலுள்ள சீரோ வாட் பல்பின் முன் வந்தால் சுவரில் நிழல் ஆடும். பூமி அளவுள்ள கோள் சூரியனைக் கடந்தால் ஒளி 0.0084 விழுக்காடுதான் குறையும். எல்ஹெச்எஸ் 3844 சூரியனில் ஐந்தில் ஒரு பங்கு அகலமே உள்ள செங்குறுமீன் (சிறிய, குளிர்ந்த, சிவந்த விண்மீன்) என்பதால், அங்கே அதே கோள் 0.24 விழுக்காடு மறைக்கும்.

பைத்தானில் நாலு வரி எழுதி ஓட்டத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். உலாவியிலேயே பைத்தானை ஓட்ட உதவும் கூகுள் கோலாபைத் திறந்து, டெஸ் தரவைக் கையாளும் லைட்கர்வ் என்ற நிரல் தொகுப்பை நிறுவுங்கள். சொந்தக் கணினியில் நிறுவுவதைவிட கோலாப்தான் என் தேர்வு. பதிப்புச் சிக்கல் குறைவு, பழைய மடிக்கணினியே போதும்.

அடுத்து, விண்மீனின் பெயரைக் கொடுத்துத் தேடுங்கள். நீளமான பட்டியல் வரும். அதில் ஸ்பாக் (டெஸ் தரவைப் பதப்படுத்தும் நாசா குழு) தயாரித்த, இரண்டு நிமிடத்துக்கு ஒரு புள்ளி உள்ள முதல் செக்டார் தரவை மட்டும் எடுங்கள். டெஸ் ஒரு முறை தொடர்ந்து பார்க்கும் வானப் பகுதிதான் செக்டார். முப்பது நிமிடத் தரவு இங்கே உதவாது. இந்தக் கோளின் கடப்பே ஏறத்தாழ அரை மணி நேரம்தான் நீடிக்கிறது. ஒரே புள்ளிக்குள் அது கரைந்துவிடும்.

பிறகு சமப்படுத்த வேண்டும். விண்மீனும் கருவியும் சேர்ந்து உண்டாக்கும் மெதுவான ஏற்ற இறக்கத்தை நீக்கும் கட்டளைக்கு ஃபிளாட்டன் என்று பெயர். நான் அதை அப்படியே, எந்த எண்ணும் மாற்றாமல் ஓட்டினேன். அடுத்து, சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் பெட்டி வடிவப் பள்ளங்களைத் தேடும் பிஎல்எஸ் முறையில் 0.35 முதல் 5 நாள் வரையுள்ள இடைவெளிகளைத் தேடினேன். கடப்பு நீடிக்கும் நேரத்தை 0.02 நாள் என்று கொடுத்தேன். 0.4629 நாளில், அதாவது பதினொரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக, ஊசிபோல ஒரு முனை எழுந்தது. கோள் ஒரு சுற்று முடிக்கும் கால அளவு அதுதான். அந்தக் கால அளவில் தரவை மடித்தபோது, அதாவது எல்லாச் சுற்றுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபோது, அழகான பள்ளம். ஆழம் 0.27 விழுக்காடு. ஆரம் பூமியைப்போல் 1.07 மடங்கு என்று கணக்கு வந்தது.

"மாமா, நம்ம பூமி அளவேதான்!" என்றாள். அன்று இரவு முழுக்க அந்த மகிழ்ச்சி நீடித்தது. ஆனால் ஆய்வாளர்கள் வெளியிட்ட அளவு 1.3. எங்கே தவறியது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. அதனால் இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள்.

ஃபிளாட்டன் 101 புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்து ஒரு வழவழப்பான கோடு வரைகிறது. இரண்டு நிமிடத் தரவில் அது 202 நிமிடம். அரை மணிப் பள்ளம் அந்த 202 நிமிடத்தில் ஏழில் ஒரு பங்கு. கோடும் பள்ளத்துக்குள் கொஞ்சம் இறங்கிவிடுகிறது. அந்தக் கோட்டால் வகுக்கும்போது ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு பறிபோகிறது. மடித்த படத்தில் பள்ளத்தின் இரு கரைகளும் இயல்பு நிலைக்கு மேலே மெல்ல வீங்கியிருப்பதைப் பாருங்கள். அதுதான் அடையாளம்.

தீர்வு இரண்டு சுற்று. முதல் சுற்றில் கால அளவையும் கடப்பு எப்போது நிகழ்கிறது என்பதையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது சுற்றில் பழைய தரவுக்கே திரும்பி, கடப்பு நேரங்களுக்கு ஒரு மறைப்பு (மாஸ்க்) உருவாக்குங்கள். அரை மணிக்குப் பதில் முக்கால் மணி அகலம் வையுங்கள். அந்த மறைப்பை ஃபிளாட்டனிடம் கொடுத்தால், கோடு வரையும்போது அது பள்ளத்தைப் பார்க்காது. ஆழம் 0.4 விழுக்காட்டுக்கு வந்துவிடும். அது, அதாவது 0.004, கோள் மறைக்கும் பரப்பின் பங்கு. ஆரத்தின் பங்கு வேண்டுமென்றால் வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: 0.063. விண்மீனின் ஆரம் பூமியைப்போல் 20.6 மடங்கு. பெருக்கினால் 1.3.

(பின்னர் சேர்த்தது: வேறொரு விண்மீனின் 20 நொடித் தரவில் பள்ளமே காணவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அங்கே 101 புள்ளி என்றால் 34 நிமிடம்தான். எண்ணைப் புள்ளிகளாக எண்ணாதீர்கள், நிமிடமாக மாற்றிப் பாருங்கள். இன்னொருவருக்குக் கால அளவு இருமடங்காக, 0.93 நாள் என்று வந்திருக்கிறது. அதில் மடித்தால் இரண்டு பள்ளங்கள் தெரியும். பாதியாக்கிவிடுங்கள். இரண்டின் ஆழமும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். வேறுபட்டால் அது ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீனாக இருக்கலாம்.)

சரிபார்ப்பதில் சலிப்படையாதீர்கள். நம் ஊர் நுங்கம்பாக்கத்து மதராஸ் வானாய்வகத்திலிருந்து டபிள்யூ. எஸ். ஜேக்கப் 1855-லேயே 70 ஒஃபியூக்கி என்ற இரட்டை விண்மீனுக்குக் கோள் இருக்கலாம் என்று அறிவித்தார். பின்னாளில் அது நிலைக்கவில்லை. அவ்வளவு முன்பே இங்கிருந்து ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார் என்பது எனக்குப் பெருமை.

அளவு கிடைத்த பிறகு, சுற்றும் காலத்தையும் விண்மீனின் நிறையையும் வைத்துத் தொலைவைச் சொல்லும் கெப்ளரின் மூன்றாம் விதியைப் போடுங்கள். விண்மீனின் நிறை சூரியனில் 0.15 பங்கு. விண்மீனிலிருந்து கோளின் தொலைவு சுமார் 9.3 லட்சம் கிலோமீட்டர் என்று வரும். நமக்கும் நிலவுக்கும் உள்ள தூரத்தைப்போல் இரண்டரை மடங்குகூட இல்லை. 2019-இல் ஸ்பிட்சர் தொலைநோக்கியின் அளவீடு வெளியானது: பகல் பக்கம் ஏறத்தாழ 770 டிகிரி செல்சியஸ், இரவுப் பக்கத்துக்கு வெப்பம் கடந்துபோனதற்கு அறிகுறியே இல்லை. அடர்த்தியான வளிமண்டலம் இருந்திருந்தால் அது வெப்பத்தைச் சுமந்து சென்றிருக்கும்.

இப்போது எல் 98-59 விண்மீனில் இறங்கியிருக்கிறோம். அதைக் கடக்கும் கோள்கள் மூன்று. ஒவ்வொன்றாகக் கண்டு, மறைத்து, மீண்டும் தேட வேண்டும். 3.69 நாள் கோள் கிடைத்துவிட்டது. பூமியைவிடச் சிறியதான 2.25 நாள் கோளை அக்கா மகள் தேடிக்கொண்டிருக்கிறாள்.