பவர் வந்தால் போதுமா? ஃபைபர் லைன் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு தெருமுனையில் ஏணி மேல் நின்ற தம்பி ஒருவர், ஜாயின்ட் பெட்டியைத் திறந்து வைத்தபடி என்னைக் கேட்டார்: "மைனஸ் 26 வருதுண்ணே, பச்சை லைட்டும் எரியுது. மூடிரலாமா?" அந்த எண் வந்து சேரும் ஒளியின் அளவு (டிபிஎம்); மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு. ஏறிப் பார்த்தேன். ஒளியைச் சமமில்லாமல் இரண்டாகப் பிரிக்கும் கப்ளருக்குப் பின் இன்னொரு கப்ளர். தொழிலுக்கு வந்த புதிதில் நான் கட்டிய அதே மாதிரி லைன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கனெக்டர் முனையைத் துடைக்காமல் சொருகுவது, ஸ்பிளைஸ் (இழை ஒட்டு) மேல் போடும் ஸ்லீவைச் சூடாக்க மறப்பது பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை. அவை முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். 5 வருஷம் கழித்துக் கழுத்தைப் பிடிக்கும் தவறுகள் வேறு.

கப்ளர் சங்கிலி

நம்மில் பலர் கேபிள் டிவியிலிருந்து வந்தவர்கள். அப்போது தெரு நெடுக ஒரே லைன் ஓடும். டேப் போட்டு வீடுகளுக்குப் பிரிப்போம், சிக்னல் குறைந்தால் ஆம்ப்ளிஃபயர் வைப்போம். ஃபைபர் வந்தபோதும் கை அதே பழக்கத்தில் போயிற்று. ஒரே கோரை (ஒற்றை ஃபைபர் இழையை) தெரு முழுக்க இழுத்து, 5/95, 10/90, 20/80 சதவீதம் என்று வரிசையாகக் கப்ளர், அவற்றின் சிறிய பங்கு வரும் ஒவ்வொரு காலிலும் 8 வீட்டுக்குச் சமமாகப் பிரிக்கும் ஒரு ஸ்பிளிட்டர். கோர் மிச்சம் என்று சந்தோஷப்பட்டோம்.

டிவிக்கு அது ஓடும். 1550 நானோமீட்டர் ஒளியை ஆம்ப்ளிஃபயரில் ஏற்றிக்கொள்ளலாம், போவதும் ஒரே திசையில்தான். இன்டர்நெட்டில் வீட்டுப் பெட்டியும் பதில் பேச வேண்டும். வீடுகளுக்கு ஃபைபர் இன்டர்நெட் தரும் ஜிபான் முறையில், நம் அலுவலகத்து ஓஎல்டி பெட்டி 1490 நானோமீட்டர் அலைநீளத்தில் அனுப்புகிறது, வீட்டுப் பெட்டியான ஓஎன்யூ 1310-இல் திருப்பி அனுப்புகிறது. அந்தச் சின்ன லேசர் தருகிற ஒளிதான் வழியில் உள்ள எல்லாக் கப்ளரையும் தாண்டி மேலே வந்து சேர வேண்டும். அதை நாம் கூட்ட முடியாது.

என் லைனில் கடைசி வீட்டுக்கு முதலில் மைனஸ் 24 இருந்தது. புது இணைப்புகள் வர வர நடுவில் இரண்டு கப்ளர் சேர்த்தேன், மைனஸ் 27 ஆயிற்று. அப்போதும் ஓடியது. பிறகு ஓஎல்டியில், ஜிபானுக்கு அடுத்த தலைமுறையான, 10 ஜிகாபிட் தருகிற எக்ஸ்ஜிஎஸ்-பான் கார்டு போட்ட அன்று ராத்திரி போன் அடிக்கத் தொடங்கியது. வேகமான பேக்கேஜுக்குக் காசு கட்டிய வீடுகளிலேயே சிவப்பு லைட். அந்தக் கார்டு 1577-இல் அனுப்பி, 1270-இல் வாங்குகிறது. சூடாக்கி இழுத்துச் செய்கிற மலிவுக் கப்ளர்கள் 1310, 1490, 1550-க்காகச் செய்தவை. அலைநீளம் மாறினால் அவை பிரிக்கும் கணக்கும் மாறும். 10 சதவீதம் என்று அச்சிட்டிருந்த கால் 10 சதவீதம் தரவில்லை. சிப்பில் செய்த பிஎல்சி ஸ்பிளிட்டர் என்றால் 1260 முதல் 1650 வரை ஏறக்குறைய ஒரே மாதிரி பிரிக்கும்.

முழுத் தெருவையும் கழற்றி மறுபடி இழுத்தேன். கப்ளரில் மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு கூலிக்கே போயிற்று. இன்றும் யாராவது கையில் கப்ளரோடு கம்பத்தில் ஏறுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கணக்கு இவ்வளவுதான். ஜங்ஷனில் 1-க்கு 4, தெருவில் 1-க்கு 8, இரண்டும் பிஎல்சி. சேர்த்து ஏறக்குறைய 18 டெசிபல் இழப்பு. 5 கிலோமீட்டர் ஃபைபருக்கு 2, ஸ்பிளைஸ், கனெக்டருக்கு இன்னொரு 2. மொத்தம் 22. ஜிபானின் பி பிளஸ் வகை தாங்குவது 28, மீதி 6. அந்த 6-ஐப் பார்த்ததும் இன்னும் நாலு வீட்டைக் கோர்க்கலாம் என்று தோன்றும். கை வைக்காதீர்கள். கேபிள் அறுந்து ஒட்டும் ஒவ்வொரு ஒட்டும், அடுத்த தலைமுறைக் கார்டும் அதிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும்.

4 கோர் போதும் என்பது

போதாது. கம்பத்தில் ஏறும் கூலி 4 கோருக்கும் 24 கோருக்கும் ஒன்றுதான், அனுமதிக்கு அலைவதும் ஒன்றுதான். இன்றைய ஜிபான் தருவது 2.5 ஜிகாபிட், அதையும் 32 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. 50 ஜிகாபிட் தரும் 50ஜி-பானுக்கு 2021-லேயே சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூவின் தரம் வந்துவிட்டது, அதுவும் இதே இழையில்தான் ஓடும். பெட்டிகள் மாறும், கண்ணாடி மாறாது. ஆனால் தனி லைன் கேட்கும் கடைக்கோ, செல்போன் கோபுரத்துக்கோ கொடுக்க உங்களிடம் சும்மா கிடக்கும் கோர் இருக்க வேண்டும்.

வீட்டுக்குள் இறுக்கி மடிப்பது

வீட்டுக்கு வரும் டிராப் கேபிள் கதவு இடுக்கில் மடிந்தாலும் 1490-இல் தப்பித்துவிடும். 1577-இல் வளைவு இன்னும் அதிகமாக ஒழுகும். வீட்டுக்குள் வளைவைத் தாங்கும் ஜி.657 இழையையே போடுங்கள்.

பச்சையும் நீலமும்

பச்சைக் கனெக்டரின் முனை 8 டிகிரி சாய்வு, நீலம் சாய்வில்லாதது. ஒன்றோடொன்று சேர்க்கவே கூடாது.

பெயர்ச்சீட்டு

எந்த இழை எங்கே போகிறது என்று எழுதி அன்றே ஒட்டுங்கள்.

அந்தத் தம்பியிடம் பெட்டியை மூட வேண்டாம் என்றேன். மறுநாள் இருவரும் சேர்ந்து கப்ளர்களைக் கழற்றிவிட்டு, சும்மா கிடந்த ஒரு கோரில் 1-க்கு 8 வைத்தோம். மைனஸ் 19. மூடியின் உள்பக்கம் மார்க்கரால் தேதியையும் அந்த எண்ணையும் எழுதச் சொன்னேன். அடுத்து அதைத் திறக்கிறவருக்கு, நடுவில் எவ்வளவு குறைந்தது என்று பார்த்ததும் தெரியும்.