கெரக்டர்ட பலவீனத்தில அடிக்கிற எதிரி: புது டிஎம்மார் விடுற பிழைகள்

கல்லடியிலயும் கல்முனையிலயும் புதுசா டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (மேசையச் சுத்தி இருந்து, ஆளுக்கொரு கெரக்டரா டைஸ் உருட்டி விளையாடுற கதை விளையாட்டு; கதையையும் எதிரிகளையும் நடத்துறவர்தான் டிஎம்) நடத்தத் தொடங்கியிருக்கிற தம்பி தங்கச்சிமார்ட மேசையில போய் இருக்கிற நேரமெல்லாம், நாங்க எல்லாரும் தொடக்கத்தில விட்ட அதே பிழைகளத்தான் திரும்பப் பாக்கிறன். இனிஷியேட்டிவ் (சண்டையில ஆர் முதல் எண்ட ஒழுங்கு) மறக்கிறது, எச்பிய (எவ்வளவு அடி தாங்கும் எண்ட கணக்கு) கூடக்குறைய வைக்கிறது எல்லாம் விளையாட விளையாட தன்னால சரிவரும், அத விடுங்க. எதிரியச் செய்யிற விதத்தில விடுற பிழை அப்பிடி இல்ல, அதால ஆக்கள் விளையாட்ட விட்டே போறாங்க.

டிஎம்முக்குத் தெரிஞ்சதெல்லாம் எதிரிக்கும் தெரியும் எண்டு நினைக்கிறது

இதப் பாத்தா எனக்கு இன்னும் கோவம் வருது, அதால கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போறன்.

ஒரு மேசையில ஒரு தங்கச்சி ஃபைட்டர் விளையாடினா, கல்முனையில இருந்து பஸ் ஏறி வாறவ. பிளேட் ஆமரும் (முழு இரும்புக் கவசம்) கேடயமும் சேத்து ஏசி (அடி படாமத் தடுக்கிற எண்) 20, வாளால அடிக்கிற ஒருத்தனாலயும் லேசில தொட ஏலாது. ஆனா விஸ்டம் (மன உறுதி) 8, அதாவது மனசப் பிடிக்கிற மந்திரத்தில இருந்து தப்ப உருட்டுற சேவுக்கு மைனஸ் 1. டிஎம் பொடியன் அவட ஷீட்ட (கெரக்டர்ட கணக்கெல்லாம் எழுதின தாள்) வடிவாப் பாத்திட்டு ஒரு பூசாரியச் செய்து வச்சிருந்தான். சண்டை தொடங்கின முதல் சுத்திலயே, அது வரைக்கும் இந்த பார்ட்டிய (பிளேயர்மார்ட கூட்டத்த) கண்ணாலயே காணாத பூசாரி, பக்கத்தில நிண்ட விசாட்ட (மந்திரவாதிய) விட்டிட்டு, கிளெரிக்க (சாமி அருளால மந்திரம் போடுறவர) விட்டிட்டு, நேர ஃபைட்டருக்கு ஹோல்ட் பேர்சன் (ஆள அசைய விடாம பரலைஸ் ஆக்கிற மந்திரம்) போடுறான். அவ கேட்டா, "அண்ணா, அவனுக்கு என்னப் பத்தி எப்பிடித் தெரியும்?" "அவன் புத்திசாலி தங்கச்சி" எண்டான். அவ்வளவுதான் பதில்.

கணக்கப் பாருங்க. பூசாரிட டிசி (மந்திரத்தில இருந்து தப்ப எட்டவேண்டிய எண்) 15, அவக்கு மைனஸ் 1, டி20ல (20 முக டைஸ்ல) 16 இல்லாட்டி அதுக்கு மேல விழணும், அது 100க்கு 25. மூண்டு தரம் தொடந்து தவறுறதுக்கு 100க்கு 42 வாய்ப்பு இருக்கு. அஞ்சு பேர் இருக்கிற மேசையில ஒரு சுத்து முடிய பத்துப் பதினைஞ்சு நிமிஷம் போகும், அப்ப அவ அரை மணித்தியாலத்துக்கு மேல டைஸ உருட்டி "இல்ல" எண்டு சொல்றதத் தவிர ஒண்டும் செய்யல்ல. பரலைஸ் ஆன ஆளுக்கு அஞ்சு அடிக்குள்ள நிண்டு அடிச்சு பட்டா எல்லாமே கிரிட்டிக்கல் (கூடுதலா வலிக்கிற அடி), அதையும் வாங்கிக்கொண்டிருந்தா. அடுத்த கிழமை அவ வரல்ல, பிறகும் வரல்ல. நம்மட ஊரில ஒரு மேசைக்கு அஞ்சு பேர சேக்கிறதே எவ்வளவு கஷ்டம் எண்டு நடத்துற ஆக்களுக்குத் தெரியும்.

ஷீட்டப் பாத்து எதிரி செய்யிறதில பிழையே இல்ல, நானும் பாப்பன், விஸ்டம் 8 வச்ச ஆளுக்கு அது ஒரு நாள் வலிக்கத்தான் வேணும். ஆனா அந்த எதிரி அத *கண்டுபிடிக்கணும்*, அதுவும் பிளேயர்மார்ட கண்ணுக்கு முன்னால. வாவியில வலை வீசுறவர் தண்ணிய நிண்டு பாத்திட்டுத்தான் வீசுவார், எதிரியும் அப்பிடி முதல்ல பாக்கணும். அதே பூசாரிய நான் நடத்தினா, ரெண்டு கிழமைக்கு முன்னால ஒரு சின்னச் சண்டையில ஒரு சில்லறை மந்திரவாதி ஃபைட்டருக்கு ஒரு கொமாண்ட் ஸ்பெல் (ஒரு சொல்லால கட்டளை போடுற மந்திரம்) போடுவான், அவ விழுவா, அந்த நேரம் கூரையில குந்திக்கொண்டிருந்த ஒருத்தன் அதப் பாத்திட்டு இறங்கி நழுவுறான் எண்டு சொல்லுவன். துரத்துறதா விடுறதா எண்டது அவங்கட விருப்பம். விட்டாலும் அவங்களுக்கு இப்ப விஷயம் தெரியும். கிளெரிக் பிளெஸ் போட்டு சேவுக்கு ஒரு டி4 கூட்டலாம், ஹோல்ட் பேர்சனுக்கு வாயால மந்திரம் சொல்லணும், அதால சைலன்ஸ் போட்டு பூசாரிட வாய அடைக்கலாம், கவுண்டர்ஸ்பெல்ல (எதிரி போடுற மந்திரத்த முறிக்கிற மந்திரம்) விசாட் மிச்சம் வைக்கலாம்.

அதோட பூசாரிய எட்டுற தூரத்தில நிப்பாட்டுங்க. ஹோல்ட் பேர்சன் கொன்சன்ட்ரேஷன் ஸ்பெல் (போட்டவன் மனச ஒருமிச்சு வச்சிருக்கும்வரைக்கும்தான் நிக்கும்), அவனுக்கு அடி பட்டா டிசி 10 இல்லாட்டி பட்ட டமேஜ்ல பாதி, எது கூடவோ அதுக்கு கொன்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) சேவ் உருட்டணும், தவறினா ஃபைட்டர் விடுபட்டிருவா. அப்ப மத்த நாலு பேருக்கும் "அவவ மீட்கிறது" எண்டு ஒரு வேலை வருது, அவவும் தன்ன மீட்க ஆக்கள் ஓடி வாறதப் பாத்துக்கொண்டு இருப்பா. அவன கோட்டை மதிலுக்கு மேல, ஒருத்தராலயும் ஏற ஏலாத இடத்தில வச்சா இது ஒண்டும் நடக்காது.

ஓநாய்க்கு விசாட் ஆரெண்டு தெரியா

ஓநாய்ட இன்டெலிஜென்ஸ் (புத்தி) 3, ஓகர்ட (முரட்டு அரக்கன்) 5, கொப்ளின்ட (குள்ளப் பூதம்) 10, மைண்ட் ஃப்ளேயர்ட (மூளை திங்கிற பிராணி) 19. ஓநாய் கூட்டம் தனிச்சு நிக்கிற ஆள, நொண்டுற ஆள பிடிக்கும், அது இயற்கை. ஓகர் தனக்கு கடைசியா அடிச்சவனத்தான் திருப்பி அடிக்கும். கொன்சன்ட்ரேஷன உடைக்கப் பாத்து அடிக்கிறதுக்கு மந்திரம் எண்டா என்ன எண்டு விளங்கின மூளை வேணும். எல்லா மொன்ஸ்டரும் உங்கட மூளையோட சண்டை பிடிச்சா எல்லா மொன்ஸ்டரும் ஒண்டுதான்.

பலத்த வெட்டுறத பலவீனத்தில அடிக்கிறதெண்டு நினைக்கிறது

நெருப்பு விசாட் இருக்கிற பார்ட்டிக்கு கிழமைக்குக் கிழமை நெருப்பு படாத மொன்ஸ்டர். ஆசையா எடுத்த ஸ்பெல்ல பாவிக்கவே விடாம செய்யிறது இது. எப்பயாவது ஒருக்கா போதும்.

தப்புற வழி இல்லாத எதிரி

ரஸ்ட் மொன்ஸ்டர (இரும்பத் துருவாக்கிற பிராணி) வடிவாப் படிங்க, பலவீனத்தில அடிக்கிற எதிரிய எப்பிடிச் செய்யணும் எண்டதுக்கு அதவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியா. மந்திரம் இல்லாத இரும்பத் திண்டு கவசத்தையும் வாளையும் நாசமாக்கும், ஃபைட்டருக்கு அதவிட பயம் வேற இல்ல. ஆனா அதுக்கு இரும்பு வாசம் 30 அடிக்குள்ளதான் பிடிபடும், அதுக்கு வேண்டியதும் உங்கட உசிர் இல்ல, இரும்புதான். ஒரு ஆணிக் கட்டைத் தூக்கி எறிஞ்சா அந்தப் பக்கம் போயிரும். குகை வாசல்ல பொடிஞ்சு கிடக்கிற கீல், பிடி மட்டும் மிஞ்சின கத்தி எண்டு முதலே காட்டுங்க, கடற்கரைப் பக்கம் வீடு இருக்கிற நம்மட ஆக்களுக்கு துரு எண்டா என்னெண்டு விளக்கத் தேவையில்ல, உடனே உசாராகிருவாங்க.

ஒரே ஆளுக்கு அடுத்தடுத்த கிழமை

வேணாம். ஆள மாத்துங்க.

பிளேயர்ட பயத்த கெரக்டர்ட பயமெண்டு எடுக்கிறது

"என்ட கெரக்டருக்கு கடலெண்டா பயம்" எண்டு ஒராள் பேக்ஸ்டோரியில (கெரக்டர்ட முன்கதையில) எழுதித் தந்தா, அலை அடிக்கிற சீன் ஒண்டு செய்வம் எண்டு உடனே ஓடாதீங்க. 2004 டிசம்பர் 26 நடந்தது இந்தக் கரையில. மேசையில இருக்கிற ஆள்ட வீட்டில ஆரப் பறிகுடுத்தாங்க எண்டு உங்களுக்குத் தெரியாமலிருக்கும். தனியக் கூப்பிட்டு, "இத நான் கதையில எடுக்கலாமா, எவ்வளவு தூரம் எடுக்கலாம்" எண்டு கேளுங்க. வேணாமெண்டா காரணம் கேக்காதீங்க, அந்த எதிரியக் கிழிச்சுப்போட்டு வேற ஒண்டு செய்யுங்க.