கெபினட் மொனிட்டரில் படம் கெட்டால் செய்யக் கூடாதவை

ஹட்டன் பக்கத்திலும் பண்டாரவளைப் பக்கத்திலும் வீட்டிலேயே ஆர்கேட் கெபினட் (கேம் கடைகளில் நின்று விளையாடுகிற மரப்பெட்டி மெஷின்) கட்டுகிற தம்பிமார் சிலர், படம் கெட்டால் என்னிடம் வருகிறார்கள். மரவேலை அருமையாக இருக்கும். பட்டன், ஸ்டிக் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். மொனிட்டர் விஷயத்தில் மட்டும், நாங்கள் தொடங்கிய காலத்தில் செய்த அதே பிழைகளை ஒன்று விடாமல் செய்திருப்பார்கள். பிளக் கழன்றது, பிரைட்னஸ் குறைந்து கிடந்தது போன்றவற்றை அவரவரே கண்டுபிடித்துவிடலாம். பாகத்தையும் காசையும் தின்கிற பிழைகளை மட்டும் எழுதுகிறேன். பெரும்பாலும் பழைய பிக்சர் டியூப் மொனிட்டரைப் பற்றியது இது.

திறந்தவுடன் கையை உள்ளே விடுவது

ஓடும்போது டியூபுக்கு 20,000 வோல்ட் அளவில் போகிறது. பிளக்கைக் கழற்றிய பிறகும் ஆபத்தான அளவு அதில் தங்கியிருக்கும். அப்படித் தங்கியதை வெளியேற்ற, அதாவது டிஸ்சார்ஜ் செய்யத் தெரியாதவர் தொடவே வேண்டாம்.

படத்தைப் படிக்காமல் ஸ்க்ரூவைத் திருகுவது

இந்தப் பிழையைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. பண்டாரவளையில் இருந்து ஒரு தம்பி கெபினட்டை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். "அண்ணே, மொனிட்டர் போயிருச்சு. வேற டியூப்தான் போடணும்" என்றார். போட்டுப் பார்த்தால் படம் முழுக்கச் சரிந்த கோடுகள். கேம் போர்டைக் கெபினட்டோடு இணைக்கிற ஜம்மா கனெக்டரைக் கையில் எடுத்தேன். 56 பின்னில், படத்தை ஒழுங்காக நிறுத்துகிற சிங்க் சிக்னல் போகிற பின்னின் வயர், உறைக்குள்ளே செம்பு அறுந்து, பிளாஸ்டிக்கில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அதை வெட்டி மறுபடி ஈயம் வைத்தேன். படம் உடனே நிமிர்ந்து நின்றது.

வேலை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் வருவதற்கு முன்னமே அவர் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் திருகியிருந்தார். ப்ளைபேக்கில் (டியூபுக்கு உயர் வோல்ட் கொடுக்கிற டிரான்ஸ்போமர்) இருக்கிற ஸ்க்ரீன் குமிழை ஏற்றியதால் கறுப்பு சாம்பலாகி, குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஓடின. டியூபின் கழுத்தில் உள்ள வளையங்களை அசைத்ததால் வெள்ளை எழுத்துக்கு ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் ஓரம் கட்டின. அந்த வளையங்களைத் தொழிற்சாலையிலேயே சரிசெய்து, பெயின்ட் வைத்துப் பூட்டி அனுப்புகிறார்கள். அந்தப் பெயின்ட் உடைந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, அகலத்தை மாற்றுகிற கொயிலின் நடுவில் இருக்கிற பெரைட் கோர் என்கிற சிறு துண்டை இரும்பு ஸ்க்ரூ டிரைவரால் திருகியிருக்கிறார். அது கண்ணாடி மாதிரி வெடித்து உள்ளேயே இறுகிவிட்டது. படத்தின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. அந்த மொடலுக்கான கொயிலை எங்கே போய்த் தேடுவது? ஒரு வயரின் பிழைக்கு ஒரு கொயில் பலியானது.

படமே இடத்தைச் சொல்லிவிடும். சரிந்த கோடுகள், அல்லது படம் மேலும் கீழும் உருண்டுகொண்டே இருப்பது என்றால் முதலில் சிங்க் வயரைப் பாருங்கள். ஒரு நிறம் மட்டும் காணவில்லையா? கரண்டை நிறுத்திவிட்டு, மொனிட்டருக்குப் போகிற அந்த நிறத்தின் வயரையும் வேறொரு நிறத்தின் வயரையும் இடம் மாற்றிப் போடுங்கள். காணாமல் போகிற நிறமும் மாறினால் பிழை கேம் போர்டு பக்கம் அல்லது வயரில். மாறவில்லை என்றால் மொனிட்டரில், பெரும்பாலும் டியூபின் கழுத்தில் மாட்டியிருக்கிற நெக் போர்டில். படத்தின் ஓரங்கள் அலை அலையாக நெளிந்தால் கரண்டைச் சீராக்குகிற மெயின் பில்டர் கபாசிட்டரைச் சந்தேகியுங்கள். நடுவில் குறுக்கே ஒரே ஒரு வெளிச்சக் கோடு மட்டும் நின்றால் செங்குத்துப் பகுதி செத்துவிட்டது. உடனே அணையுங்கள், விட்டால் அந்தக் கோடு டியூபிலேயே எரிந்து பதிந்துவிடும். மூலையில் நிறத் திட்டு இருந்தால் பக்கத்தில் ஸ்பீக்கர் காந்தம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதெல்லாம் பார்த்த பிறகும் திருகத்தான் வேண்டும் என்றால், முதலில் போனில் படம் எடுங்கள். குமிழ் நிற்கிற இடத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். பிளாஸ்டிக் டிரைவரை மட்டும் பாவியுங்கள். ஒன்றைத் திருகி மாற்றம் வரவில்லை என்றால், அதை இருந்த இடத்துக்கே கொண்டுவந்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கழுத்து வளையத்தில் பெயின்ட் இருந்தால் அதற்குக் கிட்டவே போக வேண்டாம்.

கொம்பியூட்டரை நேரே கொடுப்பது

பழைய ஆர்கேட் மொனிட்டர்களில் பெரும்பாலானவை 15 கிலோஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்குச் சுமார் 15,000 கோடு போடுகிற வேகத்தில் ஓடுகின்றன. கொம்பியூட்டரின் விஜிஏ படம் 31.5 கிலோஹெர்ட்ஸ். கேமுக்குள் போன பிறகு 15க்கு மாற்றிக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மெஷின் பூட் ஆகிற அந்தக் கறுப்புத் திரையே 31இல்தான் வருகிறது. படம் இரண்டாக மடிந்து மொனிட்டர் கீச்சிட்டால் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். கிடைமட்ட அவுட்புட் டிரான்சிஸ்டர் எரிந்து போகலாம். பூட் முடிந்த பிறகு மொனிட்டருக்குத் தனி சுவிட்சால் கரண்ட் கொடுங்கள்.

பழைய வீட்டு டிவியைப் போடுகிறவர்களுக்கு வேறு தொல்லை. நம் நாட்டுப் பழைய டிவி பால் (PAL) என்கிற நிற முறை. ராஸ்பெரி பை என்கிற சின்ன கொம்பியூட்டர் போர்டு மஞ்சள் வயரில் என்டிஎஸ்சி (NTSC) என்கிற வேறு முறையில் அனுப்பினால், பால் மட்டும் தெரிந்த செட்டில் படம் கறுப்பு வெள்ளையாக வரும். டிவியைக் குறை சொல்லாமல் பையின் அமைப்பைப் பாலுக்கு மாற்றுங்கள்.

5 வோல்ட்டைத் தப்பான இடத்தில் அளப்பது

பவர் சப்ளையின் வாயில் 5 வோல்ட் காட்டும். நீளமான மெல்லிய வயரைத் தாண்டி கேம் போர்டுக்குப் போகும்போது 4.7 ஆகியிருக்கும். படம் புள்ளி புள்ளியாகும், கேம் தானாக ரீசெட் ஆகும், பழி மொனிட்டருக்குப் போகும். கேம் ஓடும்போது, போர்டின் விளிம்பிலேயே அளந்து பாருங்கள்.

பனியை மறப்பது

நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மே தொடங்கி செப்டம்பர் வரை மேற்குச் சரிவிலும், டிசம்பர் தொடங்கி பெப்ரவரி வரை பதுளை, பண்டாரவளைப் பக்கத்திலும் சுவர் வியர்க்கும். அந்த ஈரம் தூசியோடு சேர்ந்து டியூபில் உயர் வோல்ட் வயர் சேருகிற ரப்பர் தொப்பியைச் சுற்றிப் படிந்தால், காலையில் போட்டவுடன் 'சர்ர்' என்று சத்தம் கேட்கும். லைட்டை அணைத்துப் பார்த்தால் தொப்பியின் ஓரத்தில் நீலமாக மின்னும். ப்ளைபேக் போய்விட்டது என்று உடனே கழற்றிவிடாதீர்கள். டிஸ்சார்ஜ் செய்து, தொப்பியையும் கண்ணாடியையும் ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போட்டுப் பாருங்கள். பல தடவை அத்தோடு நின்றுவிடும். கெபினட்டை வெளிச் சுவரில் ஒட்டி வைக்க வேண்டாம். பின்பலகையில் காற்றோட்டத்துக்கு ஓட்டை விடுங்கள்.

இடி

ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரம் வானம் இருட்டினால் பிளக்கைக் கழற்றுங்கள்.

எல்சிடி என்றால் தொல்லை இல்லை என்று நம்புவது

கெபினட்டின் மெயின் சுவிட்சைப் போட்டதும் சில எல்சிடிகள் தானாக எழும்பாது. பட்டனை அமுக்கும் வரை தூங்கும். பட்டனோ பலகைக்கு உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும். ஆகவே மொனிட்டரை ஓடவிட்டு, சுவரில் கரண்டை நிறுத்தித் திரும்பப் போட்டுப் பார்த்த பிறகே வாங்குங்கள். ராஸ்பெரி பை 4 என்றால் கரண்ட் குத்துகிற இடத்துக்கு அருகில் உள்ள எச்டிஎம்ஐயில் வயரைப் போடுங்கள்; மற்றதில் போட்டுவிட்டு, படம் வரவில்லை என்று மொனிட்டரைத் திருப்பிக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள்.