மாலத்தீவில் ஸ்கூபா டைவிங்: திரும்பும் நாளை மறந்து போடும் திட்டம்

சென்னையிலிருந்து மாலத்தீவுக்கு ஸ்கூபா டைவிங் செய்யப் புறப்படுபவர்களில் பலர், மலிவான விமானச் சீட்டு கிடைக்கும் தேதிகளை முதலில் உறுதிசெய்துவிட்டு, கடலில் இறங்கும் நாள்களைப் பிறகு அதற்குள் திணிக்கிறார்கள். கொடுத்த காசு வீணாகக் கூடாது என்று, ஊர் திரும்பும் நாள் காலையிலும் ஒரு முறை மூழ்கிவிட்டு நேராக விமான நிலையம் செல்வோரும் உண்டு. இதைவிட ஆபத்தான சிக்கனம் வேறில்லை.

கடலில் 10 மீட்டர் இறங்கினாலே உடல்மீதான அழுத்தம் தரையில் உள்ளதைப் போல இருமடங்காகிறது. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் திசுக்களில் கரைந்து தங்கி, மேலே வந்த பிறகும் பல மணி நேரம் மெல்ல மெல்லத்தான் வெளியேறும். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ ஊட்டியில் இருக்கும் அளவுக்குக் குறையக்கூடும் என்பதால், எஞ்சிய நைட்ரஜன் திறந்த கோலி சோடாவைப் போலக் குமிழியிட்டு, மூட்டுவலி முதல் கைகால் செயலிழப்பு வரை கொண்டுவிடலாம். சென்னைக்குக் குறுகிய நேரப் பயணம்தானே என்ற சமாதானம் இங்கே செல்லாது. விமானம் மேலேறியதுமே அழுத்தம் குறைந்துவிடுகிறது. ஒரே முறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை மூழ்கியவர் 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்பது டைவிங் பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் வழிகாட்டுதல். நான் ஒரு முழு நாளை விட்டுவிடவே சொல்வேன். மாலே நகரின் மீன் சந்தையையும், 1658இல் பவழக்கல்லால் கட்டப்பட்ட பழைய வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசலையும் பார்க்க அந்த நாள் உதவும்.

சளி பிடித்திருக்கும்போது மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவது அடுத்த தவறு. ஆழத்தில் மருந்தின் வீரியம் தீர்ந்தால், காதிலும் சைனஸிலும் அடைபட்ட காற்று விரிந்து, மேலேறும்போது கடும் வலி உண்டாகும்.

டைவிங் கற்பவர் முதலில் பெறும் ஓபன் வாட்டர் சான்றிதழ் 18 மீட்டர் ஆழத்துக்கே பொருந்தும். மாலத்தீவில் பொழுதுபோக்கு டைவிங்குக்கு 30 மீட்டர்தான் எல்லை. பயணக் காப்பீட்டில் ஸ்கூபா டைவிங் அடங்குமா, எத்தனை மீட்டர் வரை என்பதைப் பணம் கட்டும் முன்பே படித்துப் பாருங்கள்.

கடல் விமானங்கள் பகலில் மட்டுமே பறப்பதால், மாலையில் தரையிறங்கினால் தொலைதூரத் தீவுக்கு அன்றே போக முடியாமல் போகலாம். வரியில்லாக் கடையில் வாங்கிய மதுப்புட்டி மாலே சுங்கத்தைத் தாண்டாது. இமுகா என்னும் பயணியர் படிவத்தைப் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது என்பதால், பணம் கேட்கும் தளத்தை உடனே மூடிவிடுங்கள். திரும்பும்போதும் அதே படிவம் உண்டு.