அம்பாசடரில் தேய்ந்த கிராஸ் ஜாயிண்ட்டை நீங்களே மாற்றலாம்

ஃபர்ஸ்ட் கியர் போட்டு கிளட்சை விடும்போது அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். ரிவர்ஸ் போட்டாலும் அதே ‘டக்’. மெதுவாக உருளும்போது ‘கீச் கீச்’ என்ற ஒலி, வேகம் கூடக் கூட அதுவும் வேகமாகும். ஹைவேயில் ஏறினால் தரையிலும் சீட்டிலும் ஒரு நடுக்கம். இவற்றில் ஏதாவது உங்கள் அம்பாசடரில் இருந்தால், முதலில் புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸைச் சந்தேகப்படுங்கள்.

கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளமான குழாய்தான் புரொப்பல்லர் ஷாஃப்ட். கியர்பாக்ஸ் உடம்போடு நிற்கிறது. பின் ஆக்சில் பட்டை ஸ்பிரிங்கில் மேலும் கீழும் ஆடுகிறது. அந்த ஆட்டத்துக்கு வளைந்து கொடுக்க இரு முனையிலும் ஒவ்வொரு யுனிவர்சல் ஜாயிண்ட் இருக்கும். நடுவில் கூட்டல் குறி வடிவில் ஓர் இரும்புத் துண்டு, அதன் நான்கு கால்களிலும் நான்கு கப், ஒவ்வொரு கப்புக்குள்ளும் ஊசி ஊசியாக நீடில் பேரிங். நம் ஊர் ஒர்க்‌ஷாப்பிலும் ஸ்பேர்ஸ் கடையிலும் இந்த செட்டை ‘கிராஸ்’ என்று கேட்டால் போதும்.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். கிராஸ் தேய்வதற்கென்றே இருக்கும் பொருள். அது பிடித்து நிற்கும் யோக், அதாவது கப்புகள் உட்காரும் ஓட்டைகள் உள்ள கவை வடிவ முனை, அப்படி இல்லை. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை என்ற பிரிட்டிஷ் காரிலிருந்து வந்த இந்த வண்டியின் தயாரிப்பு 2014-லேயே மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் நின்றுவிட்டது. கிராஸ் இன்றும் கடையில் கிடைக்கும். நெளியாத, ஓட்டை தேயாத நல்ல ஷாஃப்டுக்கு அலைய வேண்டும். ஆகவே கீழே சொல்வது எல்லாமே யோக்கைக் காப்பாற்றுவதற்கான வழிதான். சுத்தியலை ஓங்கி அடித்து வேலையைச் சீக்கிரம் முடிக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை.

கிராஸ்தானா என்று உறுதி செய்யுங்கள்

சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வையுங்கள். பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் இரண்டு ஸ்டாண்டு கொடுத்து இறக்குங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது. செங்கல்லும் வேண்டாம், அது சொல்லாமல் உடையும்.

கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட்பிரேக்கைப் போடுங்கள். ஜாயிண்ட்டுக்கு முன்னால் ஒரு கை, பின்னால் ஒரு கை பிடித்து, எதிரெதிராகத் திருகிப் பாருங்கள். ஒரு யோக் அசைந்து மற்றது அசையாமல் நின்றால் கிராஸ் போய்விட்டது. இரண்டும் சேர்ந்தே கொஞ்சம் அசைந்தால் அது டிஃபரன்ஷியலின், அதாவது பின் ஆக்சிலின் நடுவிலுள்ள கியர் தொகுப்பின், பல் இடைவெளி. கிராஸ் மாற்றினால் அந்த ‘டக்’ போகாது. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் புது கிராஸ் போட்டுவிட்டு ஏமாந்தவர்கள் நிறையப் பேர். கப்பின் ஓரத்தைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத்தில் பொடி தெரிந்தால் உள்ளே கிரீஸ் வற்றி ஊசிகள் அரைபடுகின்றன என்று அர்த்தம். அதற்கு மேல் சோதனை தேவையில்லை.

இரண்டில் ஒன்றுதான் தேய்ந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஷாஃப்டை மறுபடி கழற்றும் உழைப்பு, இன்னொரு கிராஸின் விலையைவிடப் பெரியது.

தேவையானவை

நான்கு அங்குலத்துக்குக் குறையாத பெஞ்ச் வைஸ், சர்க்ளிப் (கப் வெளியே வராமல் பிடிக்கும் வளையம்) கழற்றும் பிளையர், ஸ்பானர், சென்டர் பஞ்ச், செம்பு அல்லது பித்தளைச் சுத்தியல், கம்பி பிரஷ், கிரீஸ் கன், லித்தியம் கிரீஸ். பழைய மாடல்களில் போல்ட் எல்லாம் இன்ச் அளவு. மில்லிமீட்டர் ஸ்பானரை நெருக்கிப் போட்டால் நட்டின் முனை மழுங்கிவிடும். முக்கியமாக இரண்டு சாக்கெட் வேண்டும்: ஒன்று கப்பைவிடச் சற்றுச் சிறியது, இன்னொன்று கப் உள்ளே விழும் அளவுக்குப் பெரியது.

புது கிராஸ் வாங்கப் போகும்போது, அது சென்னைப் புதுப்பேட்டையானாலும் உங்கள் ஊர் கடையானாலும், பழைய கிராஸைக் கையோடு கொண்டுபோங்கள். கப்பின் விட்டத்தையும், எதிரெதிர் கப்புகளின் வெளி முகத்துக்கு வெளி முகம் உள்ள நீளத்தையும் வெர்னியரில் அளந்து ஒப்பிடுங்கள். ‘அம்பாசடருக்கு’ என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். இந்த வண்டி பல எஞ்சின்களோடு வந்தது.

ஷாஃப்டைக் கழற்றுதல்

முதல் வேலை, குறி வைப்பது. டிஃபரன்ஷியல் ஃபிளாஞ்சிலும் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டையான முகம்) ஷாஃப்ட் ஃபிளாஞ்சிலும் எதிரெதிரே சென்டர் பஞ்சால் ஒவ்வொரு புள்ளி குத்துங்கள். பெயின்ட் குறி வேண்டாம், டீசலில் கழுவும்போது போய்விடும்.

அப்புறம் நான்கு நட்டுகள். ஹேண்ட்பிரேக் போட்டிருந்தால் ஷாஃப்ட் சுற்றாமல் நிற்கும், நட்டைத் தளர்த்துங்கள். அடுத்த நட்டைக் கீழே கொண்டுவர பிரேக்கை விட்டு ஷாஃப்டைச் சுற்றி, மறுபடி பிரேக் போடுங்கள். நான்கும் கழன்றதும் ஷாஃப்டை முன்பக்கம் தள்ளினால் பின்முனை விடுபடும். மூஞ்சிக்கு நேராகக் கீழே படுத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள், ஷாஃப்ட் நல்ல கனம்.

முன்முனையில் பழைய வண்டிகளில் இரண்டு விதம் உண்டு. அங்கேயும் ஃபிளாஞ்ச் இருந்தால் அதற்கும் குறி வைத்து அதே மாதிரி கழற்றலாம். ஸ்பிளைன் (நீளவாக்கில் வெட்டிய பற்கள்) உள்ள யோக் நேராக கியர்பாக்ஸுக்குள் போயிருந்தால், இழுத்ததும் அது வெளியே வரும்; கூடவே கொஞ்சம் கியர் ஆயிலும் வரும். அடியில் தட்டு வைத்து, கியர்பாக்ஸின் வாயை பாலிதீன் பையால் கட்டிவிடுங்கள். பின்பக்கம் உயர்ந்திருப்பதால் ஆயில் அதிகம் போகாது. கடைசியில் அளவு பார்த்து நிரப்பிக்கொள்ளலாம்.

ஷாஃப்டிலேயே ஸ்பிளைன் இருந்தால் அதைப் பிரிக்கும் முன் அங்கேயும் குறி அவசியம். சாய்வாக நிற்கும் ஒரு கிராஸ், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடி இரண்டு முறை குறையும்படி சுழற்சியைக் கடத்துகிறது. அந்தக் கூடுதல் குறைதலை மறுமுனைக் கிராஸ் சரிக்கட்டுகிறது. ஷாஃப்டின் இரு முனை யோக்கும் ஒரே வாட்டத்தில் நின்றால்தான் இது நடக்கும். ஒரு பல் மாற்றிப் போட்டாலும் புது கிராஸோடு பழைய நடுக்கம் திரும்பி வரும்.

பழைய கிராஸை எடுத்தல்

கம்பி பிரஷால் தேய்த்து சர்க்ளிப் நான்கும் கண்ணுக்குத் தெரியும்படி செய்யுங்கள். கப்பின் தலையில் லேசாகத் தட்டினால் சர்க்ளிப்பின் மேலுள்ள அழுத்தம் குறையும். அப்போது பிளையருக்கு எளிதில் வரும். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், சர்க்ளிப் எங்கே தெறிக்கும் என்று தெரியாது.

வைஸின் ஒரு தாடையில் சிறிய சாக்கெட், மறு தாடையில் பெரிய சாக்கெட், நடுவில் யோக். வைஸை இறுக்கினால் சிறிய சாக்கெட் ஒரு கப்பை உள்ளே தள்ளும்; எதிர் கப் பெரிய சாக்கெட்டுக்குள் வெளிவரும். நீட்டிக்கொண்டிருக்கும் கப்பை வைஸில் கவ்வி, யோக்கை அப்படியும் இப்படியும் திருப்பி எடுத்துவிடுங்கள். பிறகு திருப்பி வைத்து மறுபக்கம்.

அசையவே இல்லையா? துருவை இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். அப்படியும் வராவிட்டால் கிரைண்டரால் கிராஸின் கால்களை நடுவில் அறுத்துவிடுங்கள். எப்படியும் தூக்கிப்போடும் பொருள். யோக்கின் காதில் (ஓட்டை உள்ள கிளை) வெட்டுப் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வெளியே வந்த கிராஸின் காலை நகத்தால் வருடிப் பாருங்கள். வழுவழுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் நீள நீளமாகப் பள்ளங்கள் தட்டுப்படும். ஒவ்வொரு பள்ளமும் ஓர் ஊசி அழுத்தி அழுத்திப் பதிந்த தடம். எல்லாக் காலிலும் இது ஒரே அளவில் இருக்காது. கிரீஸ் போகாத காலில்தான் ஆழமாக இருக்கும்.

யோக்கைச் சுத்தம் செய்தல்

ஓட்டையையும் சர்க்ளிப் பள்ளத்தையும் டீசலில் கழுவி, பிசிறு இருந்தால் நைசான எமரி தாளால் எடுங்கள். புது கப்பை விரலால் அழுத்திப் பாருங்கள். விரலுக்கே உள்ளே நழுவினால் யோக் தேய்ந்துவிட்டது. அதில் புது கிராஸ் நிற்காது. குழாயில் ஒட்டியிருக்கும் சிறு தகடுகள் பேலன்ஸ் எடைகள். துரு என்று நினைத்து அவற்றைத் தட்டி எடுத்துவிடாதீர்கள்.

புது கிராஸைப் பொருத்துதல்

இங்கே அவசரமே வேண்டாம். கப்புகளைக் கழற்றி, வாய் மேலே இருக்கும்படி வரிசையாக வையுங்கள். ஊசிகள் எல்லாம் சுவரோடு ஒட்டி நிற்கின்றனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஊசிகள் நிற்கும் அளவுக்கு மட்டும் கிரீஸ் தடவுங்கள். அடியில் நிறைய அடைத்தால் கப் முழுதாக இறங்காது.

கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் சிறு முனை) கிரீஸ் கன் எட்டும் பக்கம் இருக்கும்படி கிராஸை யோக்குக்குள் நுழையுங்கள். ஒரு காலை ஓட்டை வழியாக வெளியே நீட்டி, அதன் மேல் கப்பைப் போட்டு, கப் நேராக ஓட்டையில் உட்காரும்படி செம்புச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். எதிர்ப்பக்கமும் அப்படியே. கிராஸை நடுவுக்குக் கொண்டுவந்து, இரு காலும் இரு கப்புக்குள்ளும் நிற்கும் நிலையில் வைஸில் மெல்ல அழுத்துங்கள். கால் கப்புக்குள் இருக்கும்வரை ஊசி சாய இடமில்லை. அரைச் சுற்று இறுக்குங்கள், கிராஸை ஆட்டிப் பாருங்கள், மறுபடி அரைச் சுற்று.

கப் கடைசி இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்க மறுத்தால் நிறுத்திவிடுங்கள். ஓர் ஊசி விழுந்து கப்பின் அடியில் குறுக்கே கிடக்கிறது. மேலும் இறுக்கினால் ஊசி நொறுங்கும், கப் பிளக்கும், யோக்கும் விரியலாம். கழற்றி, ஊசியை நிறுத்தி, மறுபடி தொடங்குங்கள்.

சிறிய சாக்கெட்டை வைத்து, சர்க்ளிப் பள்ளம் முழுதாகத் தெரியும்வரை கப்பைத் தள்ளி சர்க்ளிப்பைப் போடுங்கள். பள்ளத்துக்குள் அது சுற்றினால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. நான்கும் முடிந்தபின் கிராஸ் எல்லாத் திசையிலும் கையால் அசைய வேண்டும். ஒரு பக்கம் இறுக்கமாக இருந்தால் யோக்கின் காதில் செம்புச் சுத்தியலால் லேசாக ஒரு தட்டு. கப் வெளியே நகர்ந்து சர்க்ளிப்போடு சேர்ந்ததும் இலகுவாகும்.

மாட்டுதல்

ஃபிளாஞ்ச் முகங்களைத் துடைத்து, குறிக்குக் குறி சேர்த்து, போல்ட்டுகளைப் பழைய திசையிலேயே போடுங்கள். நைலாக் நட்டுகள் (தளராமல் பிடிக்க உள்ளே நைலான் வளையம் உள்ளவை) புதிதாக இருக்கட்டும். மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, கையேட்டில் சொன்ன டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்குங்கள். பிறகு கிரீஸ் கன்னால் மெதுவாக அடியுங்கள். நான்கு சீலிலும் கிரீஸ் எட்டிப் பார்க்க வேண்டும். ஒரு காலில் மட்டும் வரவில்லை என்றால் ஷாஃப்டைத் திருப்பி மறுபடி அடியுங்கள்.

ஓட்டிப் பார்த்துவிட்டு வந்ததும், அப்புறம் நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒரு முறையும், நட்டுகளைச் சரிபாருங்கள். அதன் பிறகு எஞ்சின் ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் இரண்டு நிப்பிளுக்கும் கிரீஸ் அடியுங்கள். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் வண்டி ஓடியிருந்தால் அதற்கும் முன்பே அடித்துவிடுங்கள்.