தீவில் ஒரு நாள், ஆளுக்கொரு உணவு: நண்பர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆளுக்கொரு உணவு கொண்டுவந்து எல்லோரும் பகிர்ந்துண்ணும் பாட்லக் விருந்தை ஒரு சிறிய தீவுக் கிராமத்தில் வைத்துக்கொள்வதைப் போல நண்பர்களுக்கு இனிய ஏற்பாடு வேறில்லை. ஆனால் ஊருக்குள் ஒருவர் வீட்டில் கூடுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. மறந்த பொருளை ஓடிப்போய் வாங்கிவர அங்கே கடை இருக்காது. இருந்தாலும் நாம் போகும் நேரத்தில் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது. நிதானமாகக் கழிந்திருக்க வேண்டிய நாள் பதற்றத்தில் முடிந்தால், அதற்கான காரணம் பெரும்பாலும் படகில் ஏறுவதற்கு முன்பே உருவாகியிருக்கும்.

போகும் படகை மட்டும் பார்த்துத் திட்டமிடுவது முதல் தவறு. திட்டத்தைத் திரும்பும் படகிலிருந்துதான் தொடங்க வேண்டும். கடைசிப் படகுக்கு முந்தைய படகை நம்முடைய படகாக முடிவுசெய்துகொண்டால், ஒருவர் தாமதித்தாலும் கடைசிப் படகு கைகொடுக்கும். கடைசிப் படகையே நம்பியிருந்தால், அது தவறும்போது இரவுத் தங்கலுக்கு எந்த வழியும் இருக்காது. அட்டவணை வார இறுதிக்கும் விடுமுறை நாளுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறக்கூடும் என்பதால் அதைப் புறப்படுவதற்கு முந்தைய நாள் மீண்டும் உறுதிசெய்ய வேண்டும். ஆழம் குறைந்த துறைகளில் கடல் வற்றியிருக்கும் நேரத்தில் படகு அணைய முடியாமல் போகலாம். ஏற்றமும் வற்றமும் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவதால், சென்ற வாரம் போய்வந்த நண்பர் சொல்லும் நேரம் இந்த வாரத்துக்குப் பொருந்தாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்றம் இன்னும் கீழிறங்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

காலையில் கடல் அமைதியாக இருந்ததைப் பார்த்து மாலையும் அப்படியே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. வெயில் நாட்களில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால் பிற்பகலில் கடற்காற்று வலுக்கிறது. அதனால் திரும்பும் பயணம் பெரும்பாலும் ஆட்டம் மிகுந்ததாக இருக்கும். படகில் குமட்டும் இயல்புள்ளவர்கள் வயிறுமுட்ட உண்டவுடன் ஏறாமல் இருப்பதும், மருத்துவர் சொன்ன மாத்திரை இருந்தால் குமட்டல் தொடங்கும் வரை காத்திராமல் அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே எடுத்துக்கொள்வதும் நல்லது. உயிர்காப்பு அங்கியை இருக்கையின் மேல் போட்டு உட்காருகிறவர்களைப் பல படகுகளில் காணலாம். கொக்கிகளை மாட்டி உடலோடு இறுக்கி அணிந்தால்தான் அது உயிரைக் காக்கும்.

உணவு விஷயத்தில் செய்யும் தவறே எல்லாவற்றிலும் பெரியது, ஏனெனில் அதன் விளைவு உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்தோ அடுத்த நாளோதான் தெரியவரும். விருந்து தொடங்கும் நேரத்தைத்தான் எல்லோரும் கணக்கிடுகிறார்களே தவிர, அடுப்பிலிருந்து இறக்கிய நொடி முதல் தட்டுக்கு வரும் வரை ஆகும் மொத்த நேரத்தைக் கணக்கிடுவோர் குறைவு. வீட்டிலிருந்து துறைக்கு, துறையில் காத்திருப்பு, படகுப் பயணம், இறங்கி நடப்பது, எல்லோரும் வந்துசேரும் வரை பொறுப்பது என்று கூட்டிப் பார்த்தால் நான்கைந்து மணி நேரம் எளிதாகக் கடந்துவிடும். சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது; 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகுவதே அதற்குக் காரணம். கடும் வெயிலில் அந்த அவகாசத்தை ஒரு மணி நேரமாகக் குறைத்துக்கொள்வது பாதுகாப்பு. ஆகவே உணவு ஒன்று உண்மையாகவே சூடாக வர வேண்டும், இல்லையேல் உண்மையாகவே குளிர்ந்து வர வேண்டும். வெதுவெதுப்பாக வருவதுதான் ஆபத்து.

குளிரவைப்பதிலும் ஒரு பிழை நேர்கிறது. முந்தைய இரவு சமைத்த பெரிய பானையை மூடி, அப்படியே ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் காலையில் எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். தொட்டுப் பார்த்தால் பானையின் வெளிப்புறம் ஜில்லென்று இருக்கும். கரண்டியை நடுவில் விட்டுப் பார்த்தால் இன்னும் வெதுவெதுப்பு இருக்கலாம், ஏனெனில் திரண்ட உணவின் நடுப்பகுதி ஆறப் பல மணி நேரம் ஆகும். ஆழமற்ற அகலமான டப்பாக்களில் பிரித்து வைத்தால் விரைவில் குளிரும். அரிசிச் சோற்றில் இது மேலும் முக்கியம்: சமைத்தாலும் சாகாத கிருமி வித்துகள் அதில் இருக்கக்கூடும். சோறு மெல்ல ஆறும்போது அவை முளைத்து உண்டாக்கும் நஞ்சு, தீவில் போய் மறுபடி சூடாக்கினாலும் அழியாது. சுடவைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையை இந்த ஒன்றுக்காகவாவது கைவிட வேண்டும்.

ஐஸ் பெட்டியை அரைகுறையாக நிரப்பக் கூடாது. காலியிடம் இருந்தால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வெளிக்காற்று புகுந்து ஐஸ் விரைவில் உருகும். குளிர்ந்த காற்று கீழிறங்கும் என்பதால் ஐஸ் அடியில் மட்டுமின்றி மேலேயும் இருக்க வேண்டும். தண்ணீர் பாட்டில்களை உறையவைத்து எடுத்துப்போவது நான் எல்லோருக்கும் பரிந்துரைக்கும் முறை. உணவைக் குளிர்ச்சியாக வைத்துவிட்டுப் பிறகு அதுவே குடிநீராகிவிடும். குளிர்பானங்களுக்குத் தனிப் பெட்டி வைத்தால் உணவுப் பெட்டி அடிக்கடி திறக்கப்படாது.

யார் எதைக் கொண்டுவருவது என்று பேசாமல் விடுவதும் வழக்கமான தவறு. விருப்பப்படி கொண்டுவாருங்கள் என்றால் நான்கு பேர் இனிப்போடு வருவார்கள், வயிறு நிறைய ஒன்றும் இருக்காது. தட்டு, டம்ளர், பரிமாறும் கரண்டி, கத்தி, துடைக்கும் துணி, தீப்பெட்டி ஆகியவற்றையும் ஆள்பெயர் போட்டு ஒதுக்க வேண்டும், ஏனெனில் இவை எல்லோரும் எடுத்துவருவார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொள்ளும் பொருட்கள். சமைக்கத் தெரியாத, நேரமில்லாத நண்பருக்குக் குடிநீரும் பழங்களும் ஒதுக்கினால் அவரும் தயக்கமின்றி வருவார். கடலை, பால், கடல் உணவு, கோதுமை போன்றவை ஒவ்வாதவர் யாரும் உண்டா என்று முன்கூட்டியே கேட்டு, ஒவ்வொரு டப்பாவின் மேலும் உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதி ஒட்ட வேண்டும். அவசர சிகிச்சை தொலைவில் உள்ள இடத்தில் இதை ஊகத்துக்கு விடக் கூடாது.

பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது படகிலிருந்து இறங்கும் அந்த ஒரு நிமிடத்தை மனத்தில் வைக்க வேண்டும். படகு ஏறி இறங்கும், படி ஈரமாக இருக்கும், ஒரு கை பிடிமானத்துக்குத் தேவைப்படும். இரு கைகளாலும் தாங்க வேண்டிய கண்ணாடிப் பாத்திரமும் தளர்ந்த மூடியும் அப்போது பெரும் இடைஞ்சல். மூடி இறுகும் டப்பாக்களை முதுகுப்பையில் வைத்துக்கொண்டு, கனமானவற்றை மட்டும் ஒருவர் படகில் நின்று கொடுக்க இன்னொருவர் துறையில் நின்று வாங்கிக்கொள்வது சரியான முறை.

தீவில் வீடு கொடுப்பவரின் தாராளத்தைச் சோதிக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். சிறிய தீவுகளில் நன்னீர் அளவாகவே கிடைக்கும். கிணற்றில் அளவுக்கு மீறி இறைத்தால் உப்புநீர் உட்புகக்கூடும். பாத்திரங்களை அங்கே கழுவிக் குவிக்காமல், துடைத்து எடுத்துவந்து வீட்டில் கழுவலாம். குப்பையைத் தீவிலேயே விட்டால் அதையும் யாரோ படகில்தான் ஏற்றி அனுப்ப வேண்டியிருக்கும், ஆகவே கொண்டுபோன எல்லாவற்றையும் திரும்ப எடுத்துவர உறுதியான பைகள் தேவை. மண் ஒட்டிய செருப்பும் எறும்பேறிய பெட்டியும் தீவில் இல்லாத விதைகளையும் பூச்சிகளையும் கொண்டுசேர்க்கும் என்பதால், புறப்படும் முன் அவற்றைத் தட்டித் துடைத்துவிட வேண்டும்.

மதியத்துக்குள் நீச்சல், நடை, விளையாட்டு, ஊர் சுற்றல் என்று அடுக்கிக்கொண்டால் சாப்பாடு தள்ளிப்போகும், உணவின் பாதுகாப்பு நேரமும் அதோடு போய்விடும். போய்ச் சேர்ந்ததும் உண்டுவிட்டு, பிறகு சும்மா இருப்பதே அந்த நாளுக்குப் போதுமான நிகழ்ச்சி.

படகுக்கு ஒரு மணி நேரம் முன்பே மிச்சத்தைப் பிரிக்கத் தொடங்குங்கள். ஐஸ் பெட்டியை விட்டு வெளியே வராததை மட்டும் எடுத்துச்செல்லலாம். மேசையில் வெயிலும் ஈயும் பட்டிருந்த சோறு, இறைச்சி, பால் சேர்ந்த பண்டங்கள் எவ்வளவு சுவையாக இருந்தாலும் யாருக்கும் கட்டிக்கொடுக்கக் கூடாது. ரொட்டி, முழுப் பழங்கள், உலர்ந்த தின்பண்டங்கள் ஆகியவற்றை வீட்டுக்காரருக்கு வேண்டுமா என்று கேட்டுக் கொடுத்துவிட்டு, மற்றதை மூடியுள்ள பையில் கட்டி முதலில் படகில் ஏற்றுங்கள்.